எண்ணெயில் முளைத்த ஊசி

எங்கள் அண்ணிக்குக் கோபம் வராது. அந்தக் குறையை நான்தான் இந்த வீட்டில் ஈடுகட்டிக்கொண்டு வருகிறேன். அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நாள் முழுக்க விசில் ஊதிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். ஆகவே சண்டை போட வேண்டிய இடங்களுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டானா, "உங்க தங்கச்சியக் கூப்பிடுங்க" என்பார் அண்ணி. நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அண்ணியும் நானும் ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அண்ணி மருந்தை உருவாக்கும் லேபில். நான் அதே மாடியில் மைக்ரோஸ்கோப் அறையில். என்னை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். வீட்டிலும் நாத்தனார், வேலையிடத்திலும் நாத்தனார் என்றால் எவள் தாங்குவாள்? அண்ணி தாங்கினார். சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்.

கம்பெனியில் அவருக்கு 'எண்ணெய் மேடம்' என்று பெயர். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களின் உடம்பு அந்தப் புது உறுப்பை விரட்டிவிடாமல் காக்கிற மருந்து ஒன்று எங்களிடம் இருந்தது. நல்ல மருந்துதான், ஆனால் தண்ணீரில் கரையவே கரையாது. பொடியாக விழுங்கினால் ரத்தத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விடும். அதை எண்ணெயில் கரைக்க வேண்டும். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கிற, சோப்புக்கு உறவான சில பொருள்களை அதோடு கலக்க வேண்டும். வயிற்றுக்குள் போனதும் அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து பரவ வேண்டும். கேட்பதற்கு எளிது. அண்ணிக்கு எட்டு வருடம் பிடித்தது. ஒரு எண்ணெயில் மருந்து நன்றாகக் கரையும், வயிற்றில் உடையாது. இன்னொன்று அழகாக உடையும், உடைந்த கையோடு மருந்தைக் கைவிட்டுவிடும். மூன்றாவது எல்லாம் செய்யும், கூடவே மருந்தை அடைக்கிற மாத்திரையின் மெல்லிய தோலையும் பதம் பார்த்துவிடும்.

அண்ணியின் அப்பா மெக்கானிக். வேலை முடிந்ததும் கைக்கறையை முதலில் எண்ணெய் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் சோப்பு போடுவாராம். "எண்ணெய எண்ணெயாலதான் இளக்கணும்னு அப்பா சொல்வாரு. நான் படிச்சதெல்லாம் அதுக்கு மேல எழுதின விளக்கம்தான்" என்பார் அண்ணி. வீட்டில் வாணலி கழுவும்போதும் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். அண்ணன் வாயைத் திறந்து கேலி பேசுவது அப்போது மட்டும்தான். "பாத்திரம் கழுவறியா, பரிசோதனை பண்றியா? சாப்பாடு இன்னிக்குக் கிடைக்குமா, எட்டு வருஷம் ஆகுமா?"

கடைசியில் ஒரு கலவை அமைந்தது. தண்ணீரில் ஒரு துளி விட்டதும் லேசான நீலம் ஓடி, புகைபோலக் கலைந்து, பீக்கருக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளை வரி விடாமல் படிக்கும்படி தெளிந்துவிட்டது. மஞ்சள் நிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மெத்தென்ற மாத்திரையாக அது கடைகளுக்குப் போனது. எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தது. மற்ற மருந்துகள் எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வீங்கி, கை நடுங்கி, ஊசியில் நூல் கோக்கவே முடியாமல் போயிருந்தது. அண்ணியின் மாத்திரை வந்த பிறகுதான் மறுபடியும் மெஷினை மிதித்தார். வெளிச்சத்துக்கு நேராக மாத்திரையைத் தூக்கிப் பிடித்து, "உங்க அண்ணி தங்கத்த உருக்கி ஊத்தியிருக்காங்கம்மா" என்பார். அண்ணிக்கு அப்படிப் பேசினால் கூச்சம். விறுவிறுவென்று மாடி ஏறிவிடுவார். எனக்குத்தான் பெருமை தாங்காது.

ஒரு நாள் காலையில், வழக்கமாகப் பார்க்கிற மாத்திரைகளில் ஒன்று கலங்கலாக இருந்தது. தோலைக் கீறி ஒரு துளியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். துளி முழுக்க ஊசி. நுனி கூராக, கட்டுக்கட்டாக, குப்பையைக் கூட்டி வைத்தது போல ஊசி. எங்கள் மருந்தின் படிகம் எனக்குப் பழக்கம். அது தட்டையாக, சில்லுச் சில்லாக இருக்கும். இது அது இல்லை. அண்ணியைக் கூப்பிட்டேன்.

அண்ணி நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணி இது? ஏதாவது அழுக்கா?"

"அழுக்கு இல்ல. நம்ம மருந்துதான்."

"நம்ம மருந்து இப்படி இருக்காதே."

"இதுவரைக்கும் இருந்ததில்ல. இப்போ வேற மாதிரி அடுக்கக் கத்துக்கிச்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "இது முன்னதவிட இறுக்கமா அடுக்கியிருக்கு. எண்ணெயால இத அசைக்க முடியாது."

சமாச்சாரம் இதுதான். ஒரே பொருள் இரண்டு விதமாகப் படிகமாக உறையலாம். இரண்டாவது விதம் உலகத்தில் ஒரு முறை பிறந்துவிட்டால், அதன் ஒரு தூசி போதும். பாலில் ஒரு சொட்டு உறைமோர் விழுந்தால் என்ன ஆகிறதோ அதுதான். தூசி விழுந்த கலவையெல்லாம் தானும் ஊசியாகிவிடும். ஊசியான மருந்து வயிற்றில் கரையாது. விழுங்கினவர் மருந்து சாப்பிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார், அவர் உடம்பு உள்ளேயிருக்கும் சிறுநீரகத்தைத் தின்னத் தொடங்கியிருக்கும்.

அந்த வாரத்துக்குள் எங்கள் கட்டடத்தில் ஊசி முளைக்காத பிளாஸ்க் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுவரைத் துடைத்தோம், கூரையைத் துடைத்தோம், கண்ணாடிச் சாமான்களை எல்லாம் புதிதாக வரவழைத்தோம். அண்ணி புதுப் பாத்திரத்தில் புது எண்ணெயை ஊற்றிக் கலக்குவார். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். மறுநாள் அடியில் பஞ்சு போல அதே ஊசி. எங்கள் தலைமுடியில், சட்டை மடிப்பில், செருப்பின் அடியில், எங்கே ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணியின் கைராசியைப் பற்றி அதுவரை வாய் ஓயாமல் பேசியவர்கள், அவர் வந்தால் தங்கள் பீக்கரை மூடி நகர்த்தி வைத்தார்கள். விஞ்ஞானப்படி அது சரி. ஆனாலும் அவர்கள் மூடிய விதத்தைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரையைச் செய்ய இன்னொரு இடம் இருந்தது. சில மணி நேர பஸ் தூரத்தில் கம்பெனியின் இரண்டாவது ஆலை. அங்கே இந்த ஊசி இன்னும் போகவில்லை. எங்கள் கட்டடத்திலிருந்து ஒரு ஆளோ ஒரு காகிதமோ அங்கே போகக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். நியாயமான உத்தரவுதான். அண்ணியே அதைத்தான் கேட்டிருந்தார்.

அதற்குள் கடைகளில் இருப்பு கரைந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"கடையில இல்லங்கறாங்கம்மா. நீங்களே பண்றவங்க, உங்ககிட்ட நாலு இருக்காதா?"

"இருக்கறது நல்லா இல்லக்கா. அதக் குடுக்க மாட்டேன்" என்றார் அண்ணி. "வேற இடத்துல பண்றோம். வந்துடும்."

"வந்துடும்ல?"

"வந்துடும்."

இதைச் சொல்லிவிட்டு அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

இரண்டாவது ஆலையில் இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அந்தக் கலவையைச் செய்து பழகியதில்லை. சூடான எண்ணெயை ஆறவைக்கிற இடத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. சட்டென்று ஆறினாலும் தப்பு, மெள்ள ஆறினாலும் தப்பு. கலங்கப் போகிறதா என்பதை நிறத்தை வைத்தே சொல்ல அண்ணிக்குத் தெரியும். முதல் முயற்சி வீணாயிற்று, ஊசி இல்லை, வெறும் திரிதல்தான். இரண்டாவதும் வீணாயிற்று. அங்கே இருந்த மருந்துப் பொடியோ அளவானது. கடைசியில் கம்பெனி ஒரு வழி சொன்னது. எண்ணெய் மேடம் அங்கே போகலாம், ஆனால் கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் போனில் படம் காட்டுவார்கள், மேடம் பார்த்துச் சொல்லலாம். "அந்த ஊர் பொட்டல் காடு, போன் அடிக்கடி அறுந்துடும், அதனாலதான் பக்கத்துலயே வரச் சொல்றோம்" என்றார்களாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணி கடைக்குப் போய்விட்டு வந்தார். இடுப்பு வரை இருந்த முடி காது வரை ஆகியிருந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன இது?"

"முடியிலதான் தூசி அதிகமா நிக்கும்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னு."

"அதான் கேக்கல."

அண்ணன் வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான். அண்ணி அன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்த விஷயத்துக்கு அழுதார்.

எங்கள் ஆலை மூடிக் கிடந்ததால் எனக்கு வேலை இல்லை. நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் அண்ணி சாப்பிடவே மாட்டார். இருவரும் கடையிலிருந்து வாங்கிய புதுத் துணி, புதுச் செருப்பு. அண்ணி தன் மூக்குக் கண்ணாடியைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் புதிது மாட்டிக்கொண்டார். அத்தனையும் செய்து அந்த ஆலைக்குப் போனால், எங்களுக்குக் கொடுத்த இடம் காவலாளியின் தகர அறை. ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, சுவரில் கிழிக்காத காலண்டர். காவலாளி எங்களை வாசலிலேயே நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வியாதிங்க மேடம் உங்களுக்கு?"

"வியாதி இல்லண்ணே. மேல தூசி இருக்கலாம்னு பயப்படறாங்க."

"அதுக்கா இம்மாம் பெரிய ஆர்டர்? எங்க வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க, தூசின்னா என்னன்னு தெரியும்."

ஆனாலும் நல்ல மனிதர். நாற்காலியை அண்ணிக்குக் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றார். ஆலைக்குள்ளிருந்து எங்களுக்கு டீ கொண்டுவந்து தருவார். டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக மட்டும் அண்ணி விடமாட்டார். அறையின் மூலையில் டம்ளர்கள் வரிசையாகச் சேர்ந்தன.

உள்ளே கலவை போடுகிற பெண் போனைத் தூக்கிப் பிடிப்பாள். அண்ணி திரையைக் கண்ணோடு ஒட்ட வைத்துக்கொண்டு, "இப்ப சூட்டக் குறை… நிறுத்து. கிளறாத. கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு. ஓரத்துல மஞ்சள் வெளுக்குதா? இல்லையா? சரி, விடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மதியம் அந்தப் பெண் கத்தினாள். "மேடம், தெளிஞ்சிடுச்சு மேடம்! பின்னாடி பேப்பர் வெச்சுப் படிக்கிறேன் பாருங்க!" சத்தம் போட்டு ஏதோ கார் விளம்பரத்தை வாசித்தாள். மறுநாளும் தெளிவாகவே இருந்தது. அதற்கு மறுநாளும். மாத்திரை போடத் தொடங்கிவிட்டார்கள். அண்ணி எனக்கும் சேர்த்து இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டார். வீட்டுக்குப் போன் போட்டு, "கீழ்வீட்டு அக்காகிட்ட சொல்லுங்க, மாத்திரை வண்டி ஏறப் போகுதுன்னு" என்று அண்ணனிடம் சொன்னார்.

முதலாளியின் கார் வந்தது அப்போதுதான்.

நல்ல சேதி கேட்டு நேரில் பார்க்க வந்திருந்தார். மோசமான மனிதர் இல்லை. எங்களைப் பார்த்ததும் காரை நிறுத்தி இறங்கினார். வெயிலுக்குக் கைக்குட்டையை எடுத்து நெற்றியை, கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எண்ணெய் மேடம்! சாதிச்சுட்டீங்க. காலைல உங்க லேப்புக்குத்தான் போயிருந்தேன். என்னதான் அந்த ஊசின்னு பாத்துடணும்னு ஒரு மாத்திரையப் பிச்சு, கையில எடுத்தே தேச்சுப் பாத்தேன். மணல் மாதிரி நெருடுது. அங்கேருந்து நேரா இங்கதான் வரேன்."

அண்ணி அவர் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். அப்புறம் நடந்துபோய்க் காருக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றார். கோபமே வராத எங்கள் அண்ணி.

"சார், நீங்க உள்ள போகக் கூடாது."

"யாரு, நானா?" அவர் சிரித்தார்.

"உங்க மேல இருக்கும் சார். கையில இருக்கும், அந்தக் கர்ச்சீப்ல இருக்கும்."

"கை கழுவிட்டேன்மா. உள்ள போனா கவுன் போட்டுக்கறேன், தொப்பி போட்டுக்கறேன். போதுமா?"

"அதப் போட்டு என்னையும் விட்டிருக்கலாமே சார்."

வரவேற்க ஓடி வந்திருந்த ஆலை மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க சொல்றது காதுல விழலையா உங்களுக்கெல்லாம்? அவங்களுக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா?" என்று கத்தினேன். முதலாளி என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"மேடத்தோட நாத்தனார் சார்" என்றார் காவலாளி.

"ஓ, குடும்பத்தோடவே காவல் காக்கறீங்களா?" என்று மறுபடியும் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். காவலாளி சல்யூட் வைத்துக் கேட்டைத் திறந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. திறப்பதற்குத்தான் அவரை வைத்திருக்கிறார்கள். அண்ணி விலகவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன், கார் மெதுவாக அவரை உரசினாற்போல உள்ளே போயிற்று.

உள்ளே அவர் ஒரு பிளாஸ்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்ததாக அந்தப் பெண் போனில் சொன்னாள். "மேல கை ரேகை பட்டுடுச்சுன்னு அவரே தொடச்சும் வெச்சாரு மேடம்."

"எதால தொடச்சாரு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் காத்திருந்தது போல நான் எதற்கும் காத்திருந்ததில்லை. "ஒண்ணும் ஆகாமலும் போகலாம்" என்பார் அண்ணி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "ஆகாது அண்ணி" என்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது, ஆனாலும் சொன்னேன். பிறகு ஒரு காலையில் போன் வந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே பேசினாள். "அடியில பஞ்சு மாதிரி ஏதோ மேடம்… எல்லாத்துலயும்." அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அது பேசிக்கொண்டே இருந்தது.

விசாரணை நடத்தினார்கள். யார் யார் போனார்கள், வந்தார்கள் என்று கேட்டார்கள். முதலாளியின் வருகையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கடைசியில் காவலாளியைத்தான் பிடித்தார்கள். எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு உள்ளே போய் வந்த ஒரே ஆள் அவர்தானே. அண்ணி மேனேஜரிடம் மூலையில் இருந்த டம்ளர்களைக் காட்டி, "ஒண்ணுகூட உள்ள போகல சார்" என்றார். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போன பிறகு அண்ணி என்னிடம் மெல்லக் கேட்டார். "நாம வந்திருக்கவே கூடாதோ?"

"அண்ணி, பேத்தாதீங்க. கர்ச்சீப்ப நீங்களும்தானே பாத்தீங்க?"

"பாத்தேன். ஆனா காத்துலயும் வரும்டி. இந்த அறையிலேர்ந்து அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு தூரம்? வாட்ச்மேன் அண்ணன் கால்ல ஒட்டிக்கிட்டும் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாதே." மூலையில் இருந்த டம்ளர்களைப் பார்த்தார். "இனிமே எப்பவும் தெரியாதுடி எனக்கு."

நான் அவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன், ஊரில் பாதிப் பேரிடம் போட்டிருக்கிறேன். இந்த ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் உள்ளேயிருந்து போன் வந்தது. காவலாளி எடுத்துப் பேசினார். "சரிங்க சார், சரிங்க" என்று வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். நாளையோடு அவருக்கு இங்கே வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"மேடம், உங்கள உள்ள விடச் சொல்றாங்க."

அண்ணி நிமிர்ந்தார். "என்னையா?"

"ஆமா மேடம். லேப்புக்கே போகலாமாம். புதுசா வேற எண்ணெய் பாக்கணுமாம், நீங்கதான் பாக்கணுமாம்."

"ஆனா… நான் உள்ள போகக் கூடாதே."

காவலாளி கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"இனிமே பரவாயில்லையாம் மேடம்."

அண்ணி எழுந்தார். கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார், பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் மாட்டிக்கொண்டார். "எத்தனை பேருக்கு இன்னும் மருந்து மிச்சம் இருக்குன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு" என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். அப்புறம் உள்ளே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். எங்களை யாரும் தடுக்கவில்லை, எங்களுக்குப் பின்னால் கேட்டை யாரும் மூடவும் இல்லை.